எழுத்தைச் சாய்த்தால் என்னாகும்?

வாசகர் கேள்வி பதில்: தடித்த, சாய்ந்த சான்ஸ் செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு நீட்டல் இல்லாத) தலைப்பெழுத்துகள்

கே: ஃபோட்டோஷாப்பில் நல்ல போல்டு ஃபான்ட் ஒன்றை எடுத்து, சாய்வெழுத்துப் பொத்தானை அழுத்தி பேனர் செய்கிறேன். திரையில் சரியாகத்தான் தெரிகிறது. பத்தடி ஃப்ளெக்ஸாக வந்ததும் எழுத்து ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் இளைத்தாற்போல் இருக்கிறது. கோளாறு ஃபான்ட்டிலா, மென்பொருளிலா? (விருதுநகர் வாசகர்)

ப: அந்த ஃபான்ட்டுக்கு இட்டாலிக் (சாய்வெழுத்து) கோப்பு தனியாக இல்லை என்பதுதான் கோளாறு. இருந்திருந்தால் மென்பொருள் அதை எடுத்துப் போட்டிருக்கும். இல்லாததால் நிமிர்ந்த எழுத்தையே பிடித்து இழுத்துச் சாய்த்திருக்கிறது. இப்படி இழுக்கும்போது அடிக்கோட்டில், அதாவது எழுத்துகள் நிற்கும் கோட்டில், உள்ள புள்ளிகள் நகர்வதில்லை. மேலே போகப் போக வலப்பக்கம் கூடுதலாக நகரும். உயரத்தை 0.2126 ஆல் பெருக்கினால் 12 டிகிரி சாய்வுக்கான நகர்வு கிடைக்கும். எழுத்துருவை வரையும் ஆயிரம் அலகுச் சட்டத்தில் 700 அலகு உயரமுள்ள எழுத்தின் தலை 149 அலகு வலப்பக்கம் போய்விடும்.

இதில் எந்தக் கோட்டின் கிடைமட்ட அகலமும் மாறாது. ஆனால் கோட்டின் கனத்தைக் கண் கிடைமட்டமாக அளப்பதில்லை, கோட்டுக்குக் குறுக்காக அளக்கிறது. ஆங்கில ‘ஏ’ பெரிய எழுத்தை (A) எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 700, ஒவ்வொரு காலும் 300 அலகு விரிகிறது, காலின் கிடைமட்ட அகலம் 160 என்று வையுங்கள். நிமிர்ந்திருக்கும்போது இரு கால்களின் உண்மைக் கனமும் 147. பன்னிரண்டு டிகிரி சாய்த்ததும் இடக்கால் மேலும் படுத்து 135 ஆக இளைக்கும். வலக்கால் நிமிர்ந்துகொண்டு 156 ஆகப் பருக்கும். ஒரே எழுத்தின் இரு கால்களுக்குள் 21 அலகு வித்தியாசம். இருபது டிகிரி சாய்த்தால் வித்தியாசம் 34ஐத் தொடும். மெல்லிய எழுத்திலும் இதே விகிதத்தில்தான் மாறுகிறது, ஆனால் கால் 40 அலகாக இருந்தால் ஐந்தாறு அலகு வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. போல்டில் பட்டே தீரும்.

வட்ட எழுத்துகளின் கதை இன்னும் மோசம். ஆங்கில ‘ஓ’ (O) எழுத்தின் மேல் வலது மூலையும் கீழ் இடது மூலையும் சுமார் 11 சதவீதம் நீண்டு தடிக்கும். மற்ற இரு மூலைகளும் சுமார் 10 சதவீதம் நசுங்கும். பேனரில் நீங்கள் பார்த்த வீக்கம் அதுதான். திரையில் எழுத்து இரண்டு அங்குல உயரத்தில் இருந்ததால் தெரியவில்லை.

தனி இட்டாலிக் உள்ள ஃபான்ட்டை எடுப்பதே முதல் வழி. அது முடியாதென்றால் எழுத்தை அவுட்லைனாக மாற்றி, 8 டிகிரிக்கு மேல் போகாமல் சாய்த்து, ஏ, வி, ஓ, எஸ் போன்ற எழுத்துகளை மட்டும் கையால் திருத்துங்கள். பெயர்ப்பலகைக்கு அரை மணி நேர வேலை.

கே: சான்ஸ் செரிஃப் எழுத்துருவில் இட்டாலிக் என்பதும் ஆப்ளிக் என்பதும் ஒன்றா? (கோவை மாணவி)

ப: ஒன்றல்ல, ஆனால் விற்பவர்கள் மாற்றி மாற்றிப் பெயர் வைத்திருப்பதால் பெயரை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ’யைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நிமிர்ந்ததில் இரண்டடுக்காக இருந்த ‘ஏ’, சாய்ந்ததில் கையெழுத்துப் போல ஒற்றை அடுக்காக மாறியிருந்தால் அது இட்டாலிக். அதே இரண்டடுக்கு உருவம் சாய்ந்து நின்றால் ஆப்ளிக்.

இட்டாலிக் வெனிஸ் நகரத்துச் சரக்கு. ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அச்சில் 1501இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூல் முழுவதுமே அச்சானது. அழுத்தம் கொடுக்கும் துணை எழுத்தாக அது மாறியது பிற்பாடு. சான்ஸ் செரிஃப் அச்செழுத்து 1816இல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்டதிலிருந்து தொடங்குகிறது. அதுவும் பெரிய எழுத்துகள் மட்டும். கையெழுத்து மரபே இல்லாத இந்தக் குடும்பத்துக்குச் சாய்வு பின்னால் ஒட்டப்பட்டது என்பதால் பெரும்பாலும் ஆப்ளிக்காகவே இருக்கிறது. 1957இல் வந்த ஹெல்வெட்டிகா, யூனிவர்ஸ் இரண்டும் அப்படித்தான். எரிக் கில் வரைந்த கில் சான்ஸ் விதிவிலக்கு; அதன் சாய்ந்த ‘ஏ’ ஒற்றை அடுக்கு.

தடித்த தலைப்பெழுத்துக்கு ஆப்ளிக்தான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. கையெழுத்தின் நெளிவும் கனமான கோடும் சேர்ந்தால் எழுத்து குழைந்துபோகிறது.

கே: எத்தனை டிகிரி சாய்க்கலாம்? (மதுரை வாசகர்)

ப: ஹெல்வெட்டிகா ஆப்ளிக் 12 டிகிரி. யூனிவர்ஸை அட்ரியன் ஃப்ருட்டிகர் முதலில் 16 டிகிரியில் சாய்த்தார்; பிற்காலப் பதிப்புகளில் 12ம் உண்டு. எட்டுக்குக் கீழே போனால் சாய்வு என்று தெரியாது, அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். பதினெட்டைத் தாண்டினால் எழுத்து முன்னே பாய்வதாகத் தெரியாமல் கீழே விழுவதாகத் தெரியும். ஒடுங்கிய எழுத்து 14, 15 டிகிரி வரை தாங்கும், ஏனென்றால் அதன் நெடுங்கோடுகள் நெருக்கமாக நின்று சாய்வை ஒழுங்காகக் காட்டும். அகன்ற எழுத்துக்குப் பத்தே போதும்.

கே: தடித்த சாய்ந்த எழுத்துரு ஒன்றை நானே வரைய விரும்புகிறேன். எந்த வரிசையில் வேலை செய்வது? (சென்னை, வடிவமைப்பு மாணவர்)

ப: நிமிர்ந்த போல்டை முழுதாக முடிக்காமல் சாய்வில் கை வைக்காதீர்கள். ஆயிரம் அலகுச் சட்டத்தில் பெரிய எழுத்து 700, சிற்றெழுத்து 520, நிமிர்கோடு 160, கிடைக்கோடு 130 என்று தொடங்கலாம். கிடைக்கோடு எப்போதும் நிமிர்கோட்டைவிடக் குறைவாகவே இருக்கட்டும். சமமாக வைத்தால் கிடைக்கோடுதான் கனமாகத் தெரியும். ஓ, சி, எஸ் மூன்றும் அடிக்கோட்டுக்குக் கீழேயும் தலைக்கோட்டுக்கு மேலேயும் 12 அலகாவது வழிய வேண்டும்.

அடுத்து, சாய்க்கும்போது அச்சாணியை அடிக்கோட்டில் வைக்காமல் சிற்றெழுத்து உயரத்தின் பாதியில், அதாவது 260இல் வையுங்கள். 12 டிகிரியில் அடி 55 அலகு இடப்பக்கமும் பெரிய எழுத்தின் தலை 94 அலகு வலப்பக்கமும் போகும். எழுத்து தன் இடத்திலேயே நிற்கும். அடிக்கோட்டில் அச்சாணி வைத்தவர்கள், எல்லா எழுத்தும் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு இடப்பக்கம் காலியாகிவிட்டதே என்று ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

சாய்த்த உடனே வளைவுகளின் புள்ளிகளைப் பாருங்கள். உச்சியிலும் பக்கவாட்டிலும் இருந்த நோட்கள் இப்போது உச்சியிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. புதிய உச்சங்களில் நோட் சேர்த்து, பழையதை நீக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் பிற்பாடு தடிமனைக் கூட்டிக் குறைக்கும்போது வளைவு முறுக்கிக்கொள்ளும்.

பிறகுதான் கனத் திருத்தம். முதல் கேள்வியில் சொன்ன 135, 156 இரண்டையும் 147க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வட்ட எழுத்துகளுக்கு இன்னொரு வழி உண்டு: தேவையான 12 டிகிரியில் ஐந்தைச் சுழற்றியும் மீதி ஏழைச் சாய்த்தும் எடுங்கள். சுழற்சி கனத்தைக் கெடுக்காது என்பதால் வீக்கம் ஏறக்குறைய பாதியாகும். நிமிர்கோடு உள்ள எழுத்துகளில் இதைச் செய்யக் கூடாது, கிடைக்கோடுகள் சரிந்துவிடும். சாய்கோட்டுக் குறி (/) என்று ஒன்று இருக்கிறதே, அதை மறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே படுத்திருப்பது இன்னும் படுத்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கும். அதற்கு மட்டும் பாதிச் சாய்வு போதும். சதவீதக் குறிக்கும் அப்படியே.

கடைசியாகக் கோப்பு விவரங்கள். வலப்பக்கச் சாய்வுக்கு இட்டாலிக் கோணத்தை மைனஸ் 12 என்று போட வேண்டும். கழித்தல் குறி விட்டுப்போனால், எழுத்து இடப்பக்கம் சாய்ந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். போல்டு, இட்டாலிக் என்ற இரு அடையாளங்களையும் இயக்குங்கள். இட்டாலிக் அடையாளம் விட்டுப்போனால், பயனர் சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது ஏற்கெனவே சாய்ந்த எழுத்தின் மேல் மென்பொருள் தன் பங்குக்கு 14 டிகிரி சேர்த்து, மொத்தம் கிட்டத்தட்ட 25 டிகிரியில் கவிழ்த்துவிடும்.

கே: தமிழ் எழுத்தைத் தடிப்பாக்கிச் சாய்க்கலாமா? அழகாகவே வருவதில்லையே! (தஞ்சாவூர் வாசகர்)

ப: சொல்லைப் பொறுத்தது. ‘பட்டம்’, ‘கட்டடம்’ மாதிரி நிமிர்கோடு நிறைந்த சொற்கள் சாய்வை நன்றாகத் தாங்கும். ப, ட, ம ஆகியவற்றின் கோடுகள் இணையாக நின்று சாய்வைக் காட்டிக்கொடுக்கும். ‘ஒளி’, ‘ஞானி’, ‘வளை’ போன்ற சொற்களில் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேர்கோடு கிடையாது. வளைவுகள் மட்டும் நசுங்குவதால், சாய்ந்ததாகத் தெரியாமல் கோணலானதாகத் தெரியும். தலைப்பை முடிவு செய்யும் முன் அந்தக் குறிப்பிட்ட சொல்லை எட்டு டிகிரி சாய்த்துப் பாருங்கள். சரிவராவிட்டால் சொல்லை மாற்ற முடியாது, சாய்வை விட்டுவிடலாம்.

தமிழ் அச்சில் இட்டாலிக்குக்கு நெடிய மரபு இல்லை. கோணம் எட்டிலிருந்து பத்துக்குள் இருக்கட்டும். பக்கத்தில் 12 டிகிரி ஆங்கிலம் இருந்தாலும் தமிழைப் பத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒத்துப்போகும். தமிழ் எழுத்து அகலமானது, அதனால் அதே கோணம் கூடுதல் இழுப்பாகத் தெரியும்.

தடிப்பாக்கும்போது முதலில் அடைபடுவது சுழி. ண, ன, ழ, ள, இ, ஐ, பிறகு ணை, னை. கோட்டின் கனத்தில் பாதியாவது சுழியின் உள்வெளி இருக்க வேண்டும். தூரத்திலிருந்து படிக்க வேண்டிய பலகை என்றால் கனத்துக்குச் சமமாகவே இருக்கட்டும். ‘ணை’யில் சுழிகள் வரிசைகட்டி நிற்பதால், அந்த எழுத்தில் மட்டும் கோட்டைப் பத்துப் பதினைந்து சதவீதம் மெலிதாக்குவதில் தப்பில்லை. தனியாகப் பார்த்தால் மெலிவு தெரியும், சொல்லுக்குள் தெரியாது. மென்பொருளின் செயற்கை போல்டு இதையெல்லாம் பார்க்காமல் எல்லாக் கோட்டையும் சுற்றிலும் ஊதிவிடுவதால் சுழிகள் கறுப்புப் பொட்டாகிவிடுகின்றன.

‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் (ா) வித்தியாசம் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோடுதான். எழுத்து முழுவதும் சாயும்போது அந்தச் சாய்கோடு கூட்டத்தில் மறைந்துவிடும். அதைக் கால்பங்கு நீட்டுங்கள். இல்லையென்றால் ‘வர’ என்பதை ‘வா’ என்று படிப்பார்கள், ஒரு கடைப் பெயரின் அர்த்தமே மாறிப்போகும்.

புள்ளிக்கு இரண்டு விஷயம். சாய்த்தபின் அது முட்டை வடிவாகியிருக்கும், மீண்டும் வட்டமாக்குங்கள். தனியே வரைந்து வைப்பவர்கள் எழுத்தின் நடுவுக்கு நேர் மேலே வைத்துவிடுகிறார்கள். அங்கே அது பின்தங்கி நிற்கும். சாய்வுக் கோட்டின் நீட்சியில் வைக்க வேண்டும். அதேபோல கு, டு, மு, ரு எழுத்துகளின் கீழ்ப்பகுதி இடப்பக்கம் ஒதுங்கும். வரியின் முதல் எழுத்தாக அவை வந்தால் இடது ஓரத்தை மீறி வெளியே எட்டிப் பார்க்கும். வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். வரி முடிவில் விசிறி (ி, ீ) வந்தால் அதன் மேல் வலது முனை சட்டத்துக்கு வெளியே போய் வெட்டுப்படும். சட்டத்தை வலப்பக்கம் அகலமாக வைத்தால் தீர்ந்தது.

கே: லாரி, வேன்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். டிரைவர் பக்கம் பெயர் பாய்ச்சலாகத் தெரிகிறது. அதே பெயர் கிளீனர் பக்கம் வண்டி பின்னால் போவது போல் இருக்கிறது. ஏன்? (நாமக்கல் ஸ்டிக்கர் கடை)

ப: நம் ஊர் வண்டியில் டிரைவர் அமர்வது வலப்பக்கம். அந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கு வண்டியின் முகம் வலக்கைப் பக்கம் இருக்கும். எழுத்து இடமிருந்து வலமாக ஓடி வலப்பக்கம் சாய்வதால் வண்டியோடு சேர்ந்து பாயும். கிளீனர் பக்கம் முகம் இடக்கைப் பக்கம். அங்கே அதே எழுத்து வண்டியின் வால்புறம் சாய்கிறது. பேருந்து என்றால் நிறுத்தத்தில் நிற்கும் பயணிகள் பார்ப்பது இந்த இரண்டாவது பக்கத்தைத்தான்.

சிலர் இடப்பக்கத்துக்கு மட்டும் எழுத்தைப் பின்னோக்கிச் சாய்க்கிறார்கள். பரிந்துரைக்க மாட்டோம். வண்டியோடு பொருந்தும், ஆனால் படிக்கும்போது கண் தடுக்கும். பெயரும் இரு பக்கமும் வேறு வேறு முத்திரையாகிவிடும். இரு பக்கமும் ஒரே எழுத்தை ஒட்டிவிட்டு, வேகத்தைக் காட்டும் பொறுப்பை எழுத்திடமிருந்து எடுத்துப் பட்டைக் கோடுகளிடம் கொடுங்கள். கோடுகளைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி ஒட்டலாம், யாரும் படிக்கப் போவதில்லை. சாய்வைப் பத்து டிகிரிக்குள் வைத்தால் இடப்பக்க உறுத்தலும் குறையும்.

வினைல் வெட்டும்போது கூர்முனைகளைக் கவனியுங்கள். சாய்ந்த ஏ, வி, எம், என் எழுத்துகளின் முனைகள் ஊசியாக இருக்கும். வெயிலிலும் கழுவும் தண்ணீரின் வேகத்திலும் முதலில் உரிவது அவைதான். முனையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருண்டையாக்கிவிட்டு வெட்டுங்கள்.

கே: கபடி அணி ஜெர்சியில் வீரர் பெயரைச் சாய்ந்த போல்டில், வில் போல வளைத்துப் போட்டோம். இடது பாதி நேராகவும் வலது பாதி சரிந்தும் நிற்கிறது. (திருப்பூர் வாசகர்)

ப: வில்லில் ஏறும் எழுத்துகள் சுழலும். இடது முனை எழுத்து 15 டிகிரி பின்பக்கமும் வலது முனை எழுத்து 15 டிகிரி முன்பக்கமும் சுழல்கிறது என்று வையுங்கள். எழுத்தின் 12 டிகிரிச் சாய்வு இதோடு கூடும்போது இடது முனை மைனஸ் 3, வலது முனை 27. எந்த ஃபான்ட்டாக இருந்தாலும் இதுதான் கணக்கு. வளைவு வேண்டுமென்றால் நிமிர்ந்த எழுத்து, சாய்வு வேண்டுமென்றால் நேர்வரி. முதுகு எண்ணைச் சாய்த்தால் 1க்கும் 7க்கும் வேறுபாடு குறைகிறது. 1க்கு அடியில் ஒரு பட்டை கொடுங்கள்.

கே: இந்த வகை எழுத்தை எங்கே பயன்படுத்தக் கூடாது? (சேலம் வாசகர்)

ப: பத்தியாகப் படிக்க வேண்டிய எதிலும். வழிகாட்டிப் பலகையில். மருந்துச் சீட்டில். ஆறேழு சொல் கொண்ட ஒற்றை வரிதான் இதன் வீடு: தள்ளுபடி அறிவிப்பு, பந்தய வண்டி, கூரியர், விளையாட்டு. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை ஃபியூச்சுரா போல்டு ஆப்ளிக்கை வைத்த படைப்புகளைத் தேடிப் பாருங்கள். எழுத்து அவ்வளவு உரக்கப் பேசியும் சகிக்க முடிவதற்குக் காரணம், சொற்கள் மிகக் குறைவு. பக்கத்தில் இன்னொரு தடித்த எழுத்தும் கிடையாது. நம் பேனர்களில் எல்லா வரியுமே சாய்ந்திருப்பதால் எதுவுமே சாய்ந்ததாகத் தெரிவதில்லை.

கே: இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள்? வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா? (யாழ்ப்பாண வாசகி)

ப: ஆங்கிலத்துக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கனிட், பார்லோ கண்டென்ஸ்டு, மான்ட்செராட், எக்ஸோ 2 ஆகியவற்றுக்குத் தனியே வரையப்பட்ட போல்டு இட்டாலிக் இருக்கிறது. தமிழுக்கு அனேக் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி ஆகியவை நல்ல தடிப்பில் கிடைக்கின்றன, ஆனால் சாய்வு கிடையாது. அனேக் தமிழில் அகலத்தையும் கனத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிவதால், ஒடுக்கி எட்டு டிகிரி சாய்த்துக்கொள்ள அது வசதி. கவிவனர் (Kavivanar) சாய்ந்த தமிழ்தான், ஆனால் கையெழுத்துச் சாயல் கொண்டது, தடிப்பும் இல்லை. இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. பலகை, துணி, பெட்டி எதில் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனிச் சரக்காக விற்கக் கூடாது.

கே: எங்கள் இணையதளத்தில் தமிழ்த் தலைப்பு தானாகவே சாய்ந்து அசிங்கமாகத் தெரிகிறது. (திருச்சி வாசகர்)

ப: அழுத்தக் குறிக்குள் (em) எழுத்து இருந்தால், இட்டாலிக் கோப்பு இல்லாத ஃபான்ட்டையும் உலாவி தானே சாய்த்துவிடும். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ என்ற பண்பை ‘நன்’ என்று (font-synthesis: none) வைத்தால் செயற்கைச் சாய்வு, செயற்கை போல்டு இரண்டும் நின்றுவிடும்.

கே: சாய்ந்த போல்டுக்கு வெளிக்கோடு கொடுத்தால் முனைகளில் ஈட்டி போல நீட்டிக்கொள்கிறது. (சிவகாசி வாசகர்)

ப: கோடுகள் சேரும் இடத்தில் ‘மைட்டர்’ இணைப்பு, அதாவது கூராக நீளும் இணைப்பு இருக்கிறது. கோணம் குறுகக் குறுக ஈட்டி நீளும். இல்லஸ்ட்ரேட்டரில் மைட்டர் வரம்பு வழக்கமாக 10 என்று இருக்கும். கோணம் பதினொன்றரை டிகிரிக்குக் கீழே போனால்தான் அது முனையை வெட்டும். வரம்பை 4 என்று குறைத்தால் 29 டிகிரிக்குக் கீழுள்ள எல்லா முனையும் மழுங்கிவிடும். ஆனால் வெட்டுப்பட்ட முனையும் கூரான முனையும் ஒரே சொல்லில் கலந்து நிற்கும். வட்ட இணைப்புக்கு மாற்றிவிடுவது சுலபம். வெளிக்கோட்டை எழுத்துக்கு அடியில் தனி அடுக்காக வையுங்கள், மேலே வைத்தால் சுழிகளை அது தின்றுவிடும். கோட்டின் கனத்துக்கு ஏற்ப எழுத்து இடைவெளியையும் கூட்ட வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெளிக்கோடு என்றால் எழுத்துக்கு எழுத்து குறைந்தது 6 மில்லிமீட்டர்.